பாதி வழி தெரிந்தவன் ஃபெல்ஸ்மன் ஓடலாமா?

ஜனவரி 9: கேள்வி

அண்ணா, மான்செஸ்டரில் இருக்கிறேன். இந்த முறை ஃபெல்ஸ்மன் மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இங்கிள்டனில் இருந்து டென்ட் வரைக்கும் இரண்டு தடவை நடந்து பார்த்திருக்கிறேன். கடைசிப் பக்கம் கிரேட் வெர்ன்சைடு ஒரு தடவை, நல்ல வெயிலில். நடுவில் உள்ளது எதுவும் தெரியாது. ஜிபிஎஸ் கைக்கடிகாரத்தில் தடத்தை ஏற்றிக்கொண்டால் போதும், வழி தெரிந்து வைத்திருக்கிற காலமெல்லாம் போய்விட்டது என்று எங்கள் ஓட்டக் குழுவில் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஜனவரி 9, இரவு

போதாது. இரவுப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். விவரம் பிறகு.

ஜனவரி 11

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம். ஃபெல்ஸ்மன் யார்க்ஷயர் டேல்ஸ் மலைகளில் நடக்கும் ஓட்டம். 1962இல் கீத்லி சாரணர்கள் ஆரம்பித்தது. இங்கிள்டனில் தொடங்கி த்ரெஷ்ஃபீல்டில் முடியும். சுமார் 60 மைல், ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 11,000 அடி. கொடி கிடையாது, அம்புக்குறி கிடையாது. செக்பாயிண்ட் எங்கே என்று சொல்வார்கள், ஒன்றில் இருந்து அடுத்ததுக்கு எப்படிப் போவது என்பது உங்கள் பாடு. கழுத்தில் ஒரு டாலி தொங்கும், ஒவ்வொரு செக்பாயிண்டிலும் அதில் ஓட்டை போடுவார்கள். இருட்டிவிட்டால் தனியாக விடமாட்டார்கள், குறைந்தது நான்கு பேராகச் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். அந்த நான்கு பேரும் அதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்கமாட்டார்கள். பெண் பார்க்காமலே கல்யாணம் முடிந்த மாதிரி.

தம்பி, உங்களுக்குத் தெரிந்த பகுதியைப் பற்றிக் கவலை இல்லை. இங்கிள்பரோ, வெர்ன்சைடு, கிங்ஸ்டேல், கிராகரெத் எல்லாம் பகலில் வரும், முன்னால் ஐம்பது முதுகு தெரியும். கிராகரெத்தில் இருந்து கிரேட் கூம் வரை கல்சுவர் கூடவே வரும், அதை விட்டு விலகாமல் போனால் சரி. ஃப்ளின்டர் கில் வழியாக டென்டுக்கு இறங்கினால் தெருவில் ஒரு பெரிய கிரானைட் கல், ஆடம் செட்ஜ்விக் என்ற புவியியலாளருக்கு வைத்தது. அங்கே நின்று ஷூவில் இருக்கும் கல்லைத் தட்டிக்கொள்ளலாம். அதற்கப்புறம் ப்ளே மூர், ஸ்டோன் ஹவுஸ், ஆர்ட்டன் கில் ரயில் பாலத்துக்கு அடியில் ஏறி கிரேட் நௌட்பெரி, ரெட்ஷா, ஸ்னேஸ்ஹோம், டாட் ஃபெல். நம்மைப் போன்ற வேகக்காரர்களுக்கு இங்கேதான் பொழுது சாயும்.

சிக்கல் அதற்கு அடுத்தது. ஃப்ளீட் மாஸில் இருந்து மிடில் டங், ஹெல் கேப், பக்டன் பைக் தாண்டி க்ரே. அந்தத் துண்டை மட்டும் எப்படியாவது ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள். மற்றதைச் சமாளிக்கலாம்.

நான்கு வருடம் முன்பு அங்கே எங்கள் நால்வர் குழு ஐம்பது நிமிடம் தொலைந்தது. குழுவில் ஓர் உள்ளூர்க்காரர் இருந்தார், ஹாஸ் பக்கம் ஆடு வளர்த்து ஓய்வு பெற்றவர். உள்ளூர்க்காரர் இருக்கிறாரே என்று நம்பிப் போனோம். நேராகப் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விட்டது. அதனால் சொல்கிறேன், அடுத்தவருக்குத் தெரியும் என்று நம்பாதீர்கள்.

ஜனவரி 12

திருத்தம். பக்டன் பைக் க்ரேவுக்குப் பிறகு வருவது, முன்னால் அல்ல. ஹெல் கேப்பில் இருந்து இறங்கினால் க்ரே, அங்கே ரோட்டைக் கடந்து ஏறினால் பக்டன் பைக். சுட்டிக்காட்டிய ஷெஃபீல்டு அன்பருக்கு நன்றி. வழி சொல்லிக்கொடுக்க வந்தவனே வரிசையை மாற்றிவிட்டான் என்று சிரிப்பது இங்கே வரை கேட்கிறது.

இன்னொன்று, வெர்ன்சைடு வேறு, கிரேட் வெர்ன்சைடு வேறு. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய முழு ஓட்டமும் கிடக்கிறது. வெர்ன்சைடு 736 மீட்டர், கிரேட் வெர்ன்சைடு 704 மீட்டர்தான். சின்னவனுக்குப் பெரியசாமி என்று பெயர்.

ஜனவரி 15

கடிகார விஷயம். முதலில் அந்த ஆண்டு விதித்தாளில் அதைப் பயன்படுத்த அனுமதி உண்டா என்று படியுங்கள். மேப்பும் காம்பஸும் எப்படியும் பையில் இருந்தாக வேண்டும், பையைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

அனுமதி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கடிகாரம் காட்டுவது ஒரு நேர்கோடு. தரையில் இருப்பதோ ஆள் உயரத்துக்கு வெட்டுப்பட்ட கறுப்புப் பள்ளங்கள். கோட்டின் மேல் நடக்க முடியாது. சுற்றிப் போவீர்கள், அது கத்தும். திரும்புவீர்கள், மறுபடி கத்தும். கையுறையைக் கழற்றிப் பொத்தானை அமுக்கினால் விரல் விறைத்துப்போகும். அறுபது மைல் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கும் பேட்டரி குளிரில் எத்தனை மணிக்குக் கண்ணை மூடும் என்று அதற்கே தெரியாது.

அப்புறம் அந்தத் தடம் யாருடையது? ஒருமுறை யாரோ ஓடிப் பதிந்த தடத்தை இறக்கி, பயிற்சிக்காக அதைப் பின்பற்றி ப்ளே மூரில் போனேன். ஓரிடத்தில் கோடு இடப்பக்கம் விலகி, ஒரு வெட்டுக்குள் இறங்கி, சின்னதாய் ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது. ஏதோ சேற்றைத் தவிர்க்கும் சூட்சுமம் என்று நானும் பக்தியோடு அந்த வட்டத்தைப் போட்டேன். பாதி வட்டத்தில்தான் புரிந்தது. அந்த மனிதர் ஒதுங்கப் போயிருக்கிறார்.

ஜனவரி 16

"அப்படியானால் கடிகாரமே வேண்டாமா?" வேண்டாம் என்று சொல்லவில்லை. மணி பார்க்க வேண்டுமே.

ஜனவரி 27

அந்தக் கறுப்புப் பள்ளங்களில் இருக்கும் பீட் எப்படி இருக்கும் என்று சென்னையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளும்.

நான் பிறந்தது விளாத்திகுளம் பக்கம், கரிசல்காடு. மழை பெய்த மறுநாள் காட்டுக்குள் போனால் செருப்பு ஒவ்வொன்றும் இரண்டு கிலோ கனக்கும். குச்சியால் சுரண்டிச் சுரண்டி நடந்து வளர்ந்தவன். இங்கே வந்த புதிதில் முதல் தடவை கறுப்பாய்க் கிடந்த பீட்டைப் பார்த்ததும், அட நம் ஊர் மண், இதென்ன பெரிய விஷயம் என்று ஓடினேன். நாலாவது எட்டில் தொடை வரைக்கும் உள்ளே. கரிசல் காலைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும். இது காலை வாங்கி வைத்துக்கொள்ளும். இழுத்தபோது கால் மட்டும் வந்தது. ஷூவை எடுக்கத் தோள் வரை கையை விட்டுத் துழாவினேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஆச்சி சொன்னது கிணற்றுக்கு மட்டும் இல்லை.

பீட் மண்ணே இல்லை. ஸ்ஃபாக்னம் என்ற பாசியும் புல்லும் தண்ணீரில் ஊறி, காற்றுப் படாததால் மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. வருடத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். இரண்டு மீட்டர் ஆழத்தில் காலை விட்டால் கட்டைவிரல் இரண்டாயிரம் வருடப் பழசைத் தொடுகிறது. மேலே இருக்கும் பாசி ஆலைப்புகை, தீ, ஆட்டு மேய்ச்சல் என்று ஏதாவது ஒன்றில் செத்துவிட்டால் மழை கீழே இருக்கும் பீட்டை அரித்துக்கொண்டு போகிறது. போன நூற்றாண்டில் மேய்ச்சலுக்காகத் தண்ணீரை வடியவிடக் கால்வாய் வேறு வெட்டினார்கள். அரித்த பள்ளங்களுக்கு நடுவே தீவுகள் மாதிரி மிஞ்சி நிற்கும் மேடுகளை இங்கே ஹேக் என்கிறார்கள். ஃப்ளீட் மாஸ் முழுக்க ஹேக். ஒன்றின் மேல் ஏறினால் இன்னும் நூறு தெரியும். பள்ளத்தில் இறங்கினால் ஒன்றும் தெரியாது.

இப்போது வழிக்கு வருகிறேன். பள்ளத்தின் அடித்தளம் சில இடங்களில் கெட்டியாக, நடக்கச் சுகமாக இருக்கும். கால் தானாக அதைத் தேடிப் போகும். ஆனால் அது தண்ணீர் வெட்டிய பாதை. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கேதான் உங்களையும் கூட்டிப்போகும். ஃப்ளீட் மாஸில் நீங்கள் போக வேண்டியது முகட்டை ஒட்டிக் கிழக்கும் தெற்கும் கலந்த திசையில். தண்ணீர் போவது வலப்பக்கம், லாங்ஸ்ட்ராத்டேல் பள்ளத்தாக்குக்கு, வார்ஃப் நதியில் சேர. ஒவ்வொரு சுகமான பள்ளமும் உங்களைப் பத்து எட்டு வலப்பக்கம் திருடும். இருபது பள்ளம் தாண்டினால் இருநூறு எட்டு. யாரும் தப்பாகத் திரும்பவே இல்லை, ஆனாலும் வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்போம்.

இன்னொரு வேடிக்கை. அரிப்பைத் தடுக்க யார்க்ஷயர் பீட் பார்ட்னர்ஷிப் என்ற அமைப்பு 2009இல் இருந்து வேலை செய்கிறது. ஃப்ளீட் மாஸிலும் பள்ளங்களுக்குக் குறுக்கே அணை போட்டிருக்கிறார்கள். கல், மரம், அதோடு தேங்காய் நார் உருளைகள். தென்னை எங்கே, யார்க்ஷயர் எங்கே. மழையில் நனைந்துகொண்டு கிடந்த அந்த நாரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனேன். சொல்ல வந்தது வேறு: அணை போட்டால் தண்ணீர் தேங்கும். முன்பு ஓடிக் கடந்த பள்ளம் இப்போது குளம். பத்து வருடத்துக்கு முன் ஓடியவர் "இந்தப் பள்ளத்தில் இறங்கு" என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், இறங்காதீர்கள். ஜனவரி 11 குறிப்பில் ஒரு தடவை போய்ப் பார்த்தால் போதும் என்கிற தொனியில் எழுதியிருந்தேன். எப்போது போய்ப் பார்த்தது என்பதும் முக்கியம்.

பிப்ரவரி 3

அந்த ஐம்பது நிமிடத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். உள்ளூர்க்காரர் மேல் முழுப் பழியையும் போட்டது அநியாயம் என்று தோன்றுகிறது. காம்பஸ் என்னிடம்தான் இருந்தது. அதையும் போனையும் நெஞ்சுப் பக்கப் பையில் ஒன்றாக வைத்திருந்தேன். போனுக்குள் காந்தம் உண்டு, ஸ்பீக்கரில். பக்கத்திலேயே வைத்தால் காம்பஸ் முள் குழம்பும். சில நேரம் முள்ளின் காந்தம் அப்படியே தலைகீழாகி வடக்கைத் தெற்கு என்று காட்டும். தண்ணீர்க் குழாயைப் பிடித்து வைக்கும் காந்தக் கிளிப்புக்கும் இதே புத்தி. ஆக, தம்பி, காம்பஸ் ஒரு பக்கம், போன் இன்னொரு பக்கம்.

காந்த வடக்கு, மேப் வடக்கு வித்தியாசம் பற்றி ஒருவர் கேட்டார். 90களில் இங்கே நாலைந்து டிகிரி கூட்டிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது பிரிட்டனில் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. 2022 நவம்பரில் காந்த வடக்கு, மேப் வடக்கு, உண்மை வடக்கு மூன்றும் தென்கடற்கரையில் ஓர் இடத்தில் ஒரே கோட்டில் வந்து நின்றன. பழைய ஆட்கள் பழக்கதோஷத்தில் இன்னும் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் தலையாட்டிவிட்டுக் கூட்டாமல் போங்கள்.

பிப்ரவரி 5

அதே காம்பஸைச் சமையல் மேசையில் வைத்து, போனைப் பக்கத்தில் அரைநாள் வைத்து எடுத்துப் பார்த்தேன். முள் ஒழுங்காக வடக்கைக் காட்டுகிறது. நான்கு வருடமாக அதையேதான் எல்லா ஓட்டத்திலும் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதும் இப்போதுதான் உறைக்கிறது.

பிப்ரவரி 16

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஜனவரியில் உள்ளூர்க்காரர் கூட்டிப்போனார் என்றீர்கள். பிப்ரவரியில் காம்பஸ் உங்களிடம் இருந்தது என்கிறீர்கள். இருட்டில் காம்பஸ் இல்லாதவர் முன்னால் போவாரா? உண்மையில் முன்னால் போனது யார்?"

பத்து நாள் பதில் சொல்லாமல் இருந்தேன். சரி.

முன்னால் போனது நான்.

ஃப்ளீட் மாஸ் செக்பாயிண்டில் நால்வரைச் சேர்த்தபோது யாருக்கு அடுத்த பகுதி தெரியும் என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். போன மாதம்தான் வந்து பார்த்தேன் என்றேன், அது பொய்யும் இல்லை. ஒரு சனிக்கிழமைக் காலை, பத்து மணி, நீல வானம், காய்ந்த தரை, தூரத்தில் பக்டன் பைக் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், அவ்வளவுதான். மேப்பைத் திறக்கவில்லை. காம்பஸைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து "ஃப்ளீட் மாஸ் முடிந்தது" என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

ஓட்டத்தன்று இரவு பதினொன்றரை, மேகம் தரைக்கு இறங்கிவிட்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல. காம்பஸ் பையில்தான் இருந்தது, எடுக்கவே இல்லை. எனக்குத்தான் தெரியுமே. தெரியாத இடமாக இருந்திருந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்திருப்பேன். ஒரு கல், ஒரு வேலிக்கம்பு எதைப் பார்த்தாலும் "ஆமாம், இது அன்றைக்குப் பார்த்ததுதான்" என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. மூர் என்கிற இந்த மரமில்லாத மேட்டுநிலத்தில் எல்லா வேலிக்கம்பும் ஒரே முகம்.

அந்த உள்ளூர்க்காரர் எனக்குப் பின்னால் வந்தார். இரண்டு தடவை, மெதுவாக, "கொஞ்சம் இடப்பக்கம் போகலாமே" என்றார். முதல் தடவை சரி என்று தலையாட்டிவிட்டு அதே வழியில் போனேன். இரண்டாவது தடவை, நான் வந்து பார்த்திருக்கிறேன் என்று கொஞ்சம் வெடுக்கென்று சொன்னேன். அவர் அந்த மலையில் நாற்பது வருடம் ஆடு தேடியவர். ஒன்றும் பேசவில்லை. காலுக்கடியில் ஓடைச் சத்தம் பெரிதாகிக் கல்சுவர் ஒன்று குறுக்கே வந்தபோதுதான் நின்றோம். அவர் சுவரைத் தடவிப் பார்த்து, இது யாருடைய சுவர் என்று பெயர் சொன்னார். பிறகு திரும்பி ஏறத் தொடங்கினார். ஐம்பது நிமிடம். யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

கதையை முதலில் ஏன் மாற்றிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். நான்கு வருடம் திரும்பத் திரும்பச் சொன்னதில் எனக்கே அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டிருந்தது.

பிப்ரவரி 17

ஆகவே, தம்பி, ஜனவரியில் சொன்னதில் பாதியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். "தெரிந்த பகுதியைப் பற்றிக் கவலை இல்லை" என்றேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். இரண்டு தடவை நடந்தேன் என்கிறீர்களே, மேப்பைப் பார்த்து நடந்தீர்களா, கூட வந்தவர் முதுகைப் பார்த்து நடந்தீர்களா?

மார்ச் 9

நேற்று தம்பியும் நானும் ஃப்ளீட் மாஸ் போனோம், வேண்டுமென்றே இரவில். ஹாஸுக்கும் லாங்ஸ்ட்ராத்டேலுக்கும் நடுவே ரோடு 589 மீட்டர் வரை ஏறும். அந்த உச்சியில் காரை விட்டபோது மணி ஆறரை. எதிர்பார்த்த மாதிரியே மேகம்.

முதல் பாடம் விளக்கு. தலையில் கட்டிய விளக்கை மேகத்துக்குள் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அவிழ்த்து இடுப்பளவில் கையில் பிடித்ததும் தரை தெரிந்தது. தம்பி இதை நம்பவில்லை, மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

பிறகு மேப்பில் திசை எடுத்தோம். இலக்குக்கு நேராக எடுக்காமல் வேண்டுமென்றே கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைத்தோம், ஏனென்றால் தரை வலப்பக்கம்தான் திருடும் என்று தெரியும். ஒருவர் முன்னால் விளக்கோடு, ஒருவர் பின்னால் காம்பஸோடு. முன்னால் போகிறவர் இருபது எட்டு போய் நிற்க வேண்டும். பின்னால் இருப்பவர் "இடது, இடது, போதும்" என்று கத்தி நேராக்கிவிட்டு அவரிடம் போய்ச் சேர வேண்டும். மாட்டு வண்டி வேகம்தான். பள்ளம் வந்தால் இறங்கி நேரே மறுகரை ஏறுவது, ஒரு எட்டுகூடப் பள்ளத்தோடு போகக்கூடாது. இடுப்பு வரை நனைந்தோம். எட்டுகளை எண்ணிப் பார்த்தோம், சதுப்பில் அது உதவவில்லை, பாதி எட்டு பின்னோக்கித்தான் போகிறது. நேரக் கணக்கு உதவியது. காற்று இடக் கன்னத்தில் அடித்தது, அதையும் குறித்துக்கொண்டோம். அரைமணி கழித்துக் காற்று மூக்கில் அடித்தபோது, காம்பஸைப் பார்க்கும் முன்பே தம்பி "அண்ணா, திரும்பிட்டோம்" என்றார். காற்றும் திசை மாறும், ஆனால் அன்றைக்கு மாறவில்லை, நாங்கள்தான் மாறியிருந்தோம்.

நடுவில் காலடியில் இருந்து ஒரு க்ரௌஸ் பறவை படபடவென்று எழும்பி "கோ பேக், கோ பேக்" என்று கத்திக்கொண்டு போனது. அதன் இயல்பான குரலே அப்படித்தான். தம்பி சேற்றில் உட்கார்ந்து சிரித்துவிட்டு, எழுந்திருக்க என் கையைக் கேட்டார்.

மிடில் டங் சேர இரண்டு மணி பத்து நிமிடம். அந்த இடத்தில் எனக்கு நினைவிருந்த மாதிரி எதுவுமே இல்லை. சனிக்கிழமைக் காலை பார்த்தது வேறு மலை.

மார்ச் 17

பக்டன் பைக்கைத் தாண்டினால் முகட்டில் கல்சுவர் அருகே ஒரு சிலுவை நிற்கும். தம்பி, இருட்டில் கவனிக்காமல் போய்விடுவீர்கள், முடிந்தால் அதன் அடியில் விளக்கைப் போட்டுப் பாருங்கள். நரி தலை ஒன்று இருக்கும்.

1942 ஜனவரி 30. போலந்துக்காரர்கள் ஆறு பேர் பயிற்சிக்காக ஓட்டிவந்த வெலிங்டன் விமானம் பனிப்புயலில் அங்கே மோதியது. பின்பக்கத் துப்பாக்கி வீரர் ஜோசஃப் ஃபுஸ்னியாக் ஒருவர்தான் பிழைத்தார். கணுக்கால் உடைந்திருந்தது, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. பனியில் ஒரு நரியின் கால்தடம் தெரிந்தது. இந்தக் குளிரில் நரி இரை தேடி ஊர்ப் பக்கம்தான் போகும் என்று கணக்குப் போட்டு, தவழ்ந்து தவழ்ந்து அதைப் பின்பற்றி க்ரேவில் இருந்த சத்திரத்தை அடைந்தார். பிறகு 1973இல் அந்தச் சிலுவை வந்தது.

அடுத்தவர் தடத்தை நம்பாதே என்று ஜனவரியில் இருந்து கத்திக்கொண்டிருக்கிறேன், இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை. அந்த நரி ஒதுங்கப் போகவில்லை, அது வரைக்கும் நல்லது.

ஏப்ரல் 2

"மழைக்கோட்டு, மழைக்கால்சட்டை, தொப்பி, கையுறை, விசில், மிச்ச உணவு... ஓட்டமா குடித்தனமா?" என்று பையில் இருக்க வேண்டிய பொருட்களின் பட்டியலைப் பார்த்து ஒருவர் கிண்டல். சிரித்துவிட்டுப் படியுங்கள். 1964 மார்ச்சில், இங்கிருந்து தெற்கே பீக் டிஸ்ட்ரிக்ட் மூர்களில் நடந்த ஃபோர் இன்ஸ் நடையில் மூன்று இளம் சாரணர்கள் குளிரிலும் மழையிலும் இறந்துபோனார்கள். அந்தப் பகுதியின் மலைமீட்புக் குழுக்கள் ஒரே அமைப்பாகச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். இந்த மாதிரி ஓட்டங்களில் பையைத் திறந்து பார்ப்பதை நான் குறை சொல்வதே இல்லை.

தொலைந்துவிட்டால் நிமிடத்துக்கு ஆறு விசில், பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. இடையில் நின்றுவிட முடிவு செய்தால் செக்பாயிண்டில் சொல்லாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். நீங்கள் கட்டிலில் தூங்கும்போது உங்களைத் தேடி மலையில் அலையப்போகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். கிளாப்பம் ஊர்க் குகைமீட்புக் குழு 1935இல் இருந்து, அப்பர் வார்ஃப்டேல் குழு 1948இல் இருந்து இதைச் செய்கின்றன.

ஏப்ரல் 20

சாப்பாடு. ஓட்டக்காரர்கள் சாப்பிடும் எனர்ஜி ஜெல் நாலாவது மணி நேரத்தில் வாயில் வைக்க முடியாது. வீட்டம்மா புளியோதரையைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து ஃபாயிலில் சுற்றித் தருவார். உப்பு, புளிப்பு, எண்ணெய், மூன்றும் வேண்டும். எலுமிச்சைச் சோறு குளிரில் விறைத்துக் கல்லாகிறது, சோதித்தாயிற்று. ஒருமுறை இருட்டில் குழுவில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கு ஓர் உருண்டை கொடுத்தேன். கடலையைக் கல் என்று நினைத்துத் துப்பிவிட்டார்.

தம்பி இந்த வாரம் இங்கிள்டனில் இருந்து டென்ட் வரை மறுபடி நடந்திருக்கிறார், தனியாக, மேப்போடு. கிங்ஸ்டேலில் இறங்கும்போது இரண்டு தடவையும் தப்பான வாசலில் போயிருக்கிறோம் என்று செய்தி அனுப்பினார். சந்தோஷமாக இருந்தது.

மே 13

இந்த முறை நான் ஓடவில்லை, முழங்கால். க்ரே செக்பாயிண்டில் டீ ஊற்றும் வேலை. இரவு முழுக்க விளக்குகள் மேற்கே மேலே இருந்து, ஹெல் கேப் பக்கத்தில் இருந்து, நாலு நாலாக இறங்கி வந்துகொண்டிருந்தன. இரண்டே கால் மணிக்கு நாலு விளக்கு மட்டும் கீழே இருந்து, ஹபர்ஹோம் பக்கத்து ரோட்டில் ஏறி வந்தது. முன்னால் தம்பி.

ஃப்ளீட் மாஸை நேர்கோடாகக் கடந்தார்களாம், மற்ற குழுக்களே இவர்கள் பின்னால் வந்தனவாம். ஹெல் கேப்பில் ஓட்டை போட்டாயிற்று. இனி இறக்கம்தானே, கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று காம்பஸைப் பைக்குள் வைத்திருக்கிறார்கள். இறக்கம் வலப்பக்கம் திருடிவிட்டது. அரைமணிக்கு மேல் போய்விட்டது.

"எங்க குழுவுல ஒரு உள்ளூர்க்காரர் இருந்தாரு அண்ணா, அவரை நம்பி..." என்று தொடங்கினார். பின்னால் நின்ற மூன்று பேரையும் பார்த்தேன். ஒருவர் ஜெர்மன்காரர், இரண்டு பேர் லண்டன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. டீயில் சர்க்கரை இரண்டு ஸ்பூன் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, பக்டன் பைக் ஏற எந்த வாசல் என்று கேட்டார். காட்டினேன். மேப்பை எடுத்து அவரும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.